வாய்மொழித் தேர்வு

கோட்டூர்புரத்தில் ரயில் ஏறியதும்
காதுக்குள் அவன் உருக ஆரம்பிப்பான்.
முண்டகக்கண்ணியம்மன் கோயில் வருவதற்குள்
ப்ளுயி, மழை.
லேவ்ர், உதடு.
ஜமே, இனி ஒருக்காலும்.
அவர்கள் 'ர'வைத் தொண்டையில் உரசிப் பார்க்கிறேன்,
எதிர் சீட்டுக்காரம்மா
தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள்.

ஒரே பாட்டு, முப்பத்தொரு சொல்.
கத்தரிக்காய் அதில் இல்லை
வாடகை இல்லை
செவ்வாய்க்கிழமை இல்லை.

நுங்கம்பாக்கம், ஏசி அறை.
அப்பா என்ன செய்கிறார் என்று
கேட்டார் மதாம்.
காதல் பாட்டில் அப்பாவுக்கு ஏது சொல்?

இருந்ததை வைத்துச் சொன்னேன்:
இல்.
அவரா அவனா என்று
அந்த மொழி கேட்பதில்லை, நல்லவேளை.
போயாச்சு. மழை. திரும்ப, ஒருக்காலும்.

மதாம் பேனாவை மூடினார்.
கொஞ்ச நேரம் கழித்து
மழை பெண்பால் என்று மட்டும்
திருத்தினார்.