ஒரு முழம் பின்னால்

ஜெர்மன் கேமரா. மேல்விஷாரம் தோல்மண்டிக்காரர்
மூன்று தவணையில் கொடுத்தார்.
"கல்லில் போட்டாலும் பழுது வராது."
கல்லில் போடவில்லை.
குடியாத்தம் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

முகூர்த்த நேரத்தில் கரண்ட் இல்லை.
ஃப்ளாஷும் கைவிட்டது.
துளையை முழுசாய்த் திறந்து
பெண்ணின் மூக்குத்தியில்
இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கி அமுக்கினேன்.
பூனை நடந்ததுபோல் ஷட்டர்.

லாங் பஜார் இருட்டறையில் கழுவிப் பார்த்தால்
முப்பத்தாறிலும் மாப்பிள்ளை புகை, பெண் புகை.
ஒரு முழம் பின்னால்
மொய் எழுதும் தேவராசுலுவின்
காதுமயிரை எண்ணலாம்.
எனக்கென்றே விரித்ததுபோல் நோட்டு:
பள்ளிகொண்டா ஏழுமலை, ரூ. 51.

பாக்கி கேட்கக் கூசி
படங்களை மட்டும் கொடுத்தனுப்பினேன்.

பெண்ணின் அப்பாவே வந்தார்.
திட்டுவார் என்று
ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.
உட்காரவில்லை.
"இந்த ஒண்ண மட்டும் பெருசாக்கு.
ஐநூத்தி ஒண்ணு வெச்சேன்னு
ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்."
பாக்கியை எண்ணி வைத்தார். பத்து ரூபாய் கூட.

ரிப்பேருக்கு மெட்ராஸ் போகணும்.
அதுவரை
யார் வந்து நின்றாலும்
முகத்துக்கு ஒரு முழம் முன்னால்
வெறுங்காற்றைக் குறிவைக்கிறேன்.
சிரிக்கச் சொல்கிறேன்.