வாளி இல்லாத கடை

அப்புத்தளை ரயில் கடவைக்கு மேலே
தவராணியின் கடை. மழைக்கு ஒதுங்கினேன்.
வெறுந்தேத்தண்ணி என்றேன்.
"இன்னைக்குப் புதுசா ஒண்ணு இருக்கு,
குடிச்சிட்டுத் திட்டுங்க."

கராம்பு தெரிந்தது. கறுவா தெரிந்தது.
இடித்த இஞ்சி காதுவரைக்கும் ஏறியது.
அதற்குப் பின்னால்
கதவைத் தட்டாமல் நுழைந்தது இன்னொன்று:
கறுத்த புளிப்பு, அதன் ஓரத்தில் புகை.

கொறக்காவா?
"கொறக்காதான். அடுப்புக்கு மேல காய்ஞ்சது."
மீன்குழம்புக்குப் போவதைக்
கேத்தலில் போட்டவள் சிரிக்கவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வேலை என்னவென்று அவளுக்குத் தெரியாது.
ஃபெக்டரியில் நாளைக்கு நூற்றிருபது கோப்பை.
உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிடுவேன்,
பதினோரு வருசமாய்.
புகைவாடை அடித்தால் மூடை திரும்பிப் போகும்.
போன செவ்வாய்கூட நாற்பது மூடையை
மறுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பழக்கதோசத்தில் கன்னம் உப்பியது,
கண் வாளியைத் தேடியது.
சிமெந்துத் தரை, நனைந்த நாய், அவள் முகம்.
வேறொன்றும் இல்லை.

விழுங்கினேன்.
போகிற வழியெல்லாம் தொட்டுத் தொட்டு இறங்கியது.
தொண்டைக்குக் கீழேயும் ருசி உண்டென்று
எங்கள் புத்தகத்தில் ஒரு கட்டமும் இல்லை.

"உப்பு ஒரு கல்லு போட்டிருக்கலாமோ?" என்றாள்.
வேண்டாம் என்றேன். பிறகு
போட்டுத்தான் பாருங்களேன் என்றேன்.
பண்டாரவளை பஸ் இரண்டுதரம் ஹோர்ன் அடித்துவிட்டு
மூடுபனிக்குள் போயேவிட்டது.