மூன்றாவது போல்ட்

ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால்
கீழேயிருந்து யாரோ உதைத்ததுபோல்
டொக்.
ஜூன் மாதம் முழுக்க இந்த டொக்தான்.
சிக்னலில் நிற்கும்போது
கியர் தண்டு தானாகத் தலையாட்டும்,
நான் கேட்காத கேள்விக்கெல்லாம்
ஆமாம் ஆமாம் என்று.
பின்சீட்டில் முப்பது அட்டை முட்டை.
மெர்செதெஸ் போய் இறக்குவதற்குள்
ஓர் அட்டையாவது அழுதிருக்கும்.

ஒதிலியா தன் கடையில் இரண்டு வகை எடுத்து வைத்தாள்.
மஞ்சளாய் ஒன்று, கல் மாதிரி.
"இது உன்னையும் என்னையும் தாண்டி உழைக்கும்.
ஆனால் என்ஜின் நடுங்குகிற நடுக்கமெல்லாம்
நேராக உன் பல்லுக்கு வந்துவிடும்."
மற்றது கறுப்பு ரப்பர்.
கட்டைவிரலால் அழுத்தினேன், இசைந்தது.
அதிலேயே மூன்று கொடு என்றேன்.
முட்டைக்காரிக்கு வேறென்ன வேண்டும்.

என்னிடம் இருப்பது
ஸ்டெப்னி மாற்றுகிற குட்டி ஜாக்கி.
சக்கரம் வைத்த பெரிய ஜாக்கி
பக்கத்து வீட்டு எபெரிடம் இருக்கிறது.
எபெரோடு எனக்குப் பேச்சில்லை,
அவருடைய மலைவேம்பின் வேர்
என் சுவரைப் பிளந்த நாளிலிருந்து.
சரியாகச் சொன்னால்
நான் நகராட்சிக்கு எழுதிப்போட்டு
இரண்டு பேர் ரம்பத்தோடு வந்த நாளிலிருந்து.

அவர் மகள் நிடியாவிடம் சொல்லியனுப்பினேன்.
ஞாயிறு காலை கதவைத் திறந்தால்
வாசலில் ஜாக்கி நிற்கிறது.
அதன் தலைமேல் ஒரு மரக்கட்டை,
ஆயில் சம்ப் நசுங்காமலிருக்க
நடுவில் கொடுக்க வேண்டிய கட்டை.
நான் கேட்கவில்லை, அவரே வைத்திருக்கிறார்.
சிவந்த ரேகை, புதிதாய் அறுத்த விளிம்பு.
எந்த மரம் என்று
யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி
தெருமுனை பெட்ரோல் பங்க்வரை வந்துவிட்டது.
அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
அதன்மேல் படுத்தேன்.
கட்டைமேல் என்ஜினை ஒரு விரற்கடை தூக்கினேன்,
தூக்கம் கலையாத பிள்ளையைத் தூக்குவதுபோல.
பழைய மவுண்ட் கையோடு வந்தது,
ரப்பர் வேறு இரும்பு வேறாக,
வால்வு மூடியிலிருந்து ஒழுகிய எண்ணெயில் ஊறி
கருவாட்டுத் துண்டு மாதிரி.
இத்தனை நாளும் இரும்பும் இரும்பும்
நேருக்கு நேர் மோதியிருக்கின்றன.

மதியத்துக்குள் இரண்டு உட்கார்ந்துவிட்டன.
மூன்றாவதில் துளையும் துளையும் சேரவில்லை.
அரை விரல் விலகல்.
ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் போல்ட்,
ஸ்பேனருக்கு யாருடைய கை?
என் அம்மா காதில் விழக்கூடாத வார்த்தை ஒன்றைச்
சத்தமாகவே சொன்னேன்.
சுவரில்தான் பிளவு இருக்கிறதே.

செருப்புச் சத்தம்.
மாத்தே குடுவையைக் கார் கூரைமேல் வைக்கும் சத்தம்.
பானட்டுக்குள் நிழல் குனிந்தது.
"முன்னால்" என்றேன்.
என்ஜின் அசைந்தது.
"இன்னும்."
"ஐயோ, அதிகம்."
"அப்படியே."
மரை பிடித்தது.
இரண்டு வருடத்துக்குப் பிறகு
எபெரோடு பேசியது இவ்வளவுதான்,
அதுவும் நான் மட்டும்.

முறுக்கப் போனேன்.
அப்போது அவர் வாய் திறந்தார்:
"இப்போது முறுக்காதே. ஜாக்கியை இறக்கு.
முதலில் அது தன் இடத்தில் உட்காரட்டும்."
இறக்கினேன்.
என்ஜின் ஒருமுறை புரண்டு
தனக்குத் தோதான பக்கம் சாய்ந்தது.
பிறகு முறுக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். டொக் இல்லை.
கியர் தண்டு வாயடைத்து நிற்கிறது.
கண்ணாடியில் என் முகம்
மூக்கில் கிரீஸோடு தெளிவாய்த் தெரிகிறது.
அடங்கிய அந்த அமைதியில்
கீச் கீச் என்று வேறேதோ கேட்டது,
இதுநாள்வரை டொக்கின் பின்னால் ஒளிந்திருந்தது.
எபெர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"பெல்ட்."
குடுவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில்
அவர் ரொட்டியைப் பார்த்தார்.
நான் விலைப்பலகையைப் பார்த்தேன்.

ஜாக்கி இன்னும் என் கொட்டகையில் இருக்கிறது,
மேலே அந்தக் கட்டையோடு.
அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.
பெல்ட் மாற்ற ஜாக்கி தேவைப்படுமா என்று
ஒதிலியாவிடம் விசாரித்தேன்.
தேவையில்லை என்றாள்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
எதற்கும் இருக்கட்டும் என்றாள்.