பெயிண்ட் டப்பா வாக்கெடுப்பு

லிங்கராஜபுரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு
நான்காவது முறையாக வந்தது
வார்டு வரைபடம்.
முதல் படத்தில் நாங்கள் கால்வாய்க்கு இந்தப் பக்கம்.
அடுத்ததில் கால்வாயே இல்லை.
இப்போது என் கடை ஒரு வார்டு,
எதிரே தில்ஷாத்தின் முட்டைக்கடை இன்னொன்று.
நடுவே ஓடும் சாக்கடை யாருடையது என்று
கோடு சொல்லவில்லை.

ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள்.
பக்கம் இரண்டு ரூபாய்.
உள்ளதைச் சொன்னால்
தேர்தல் தள்ளிப்போகத் தள்ளிப்போக
எனக்கு நல்ல வியாபாரம்.

அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது என்றார்
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிட்டயரான சின்னப்பராஜ்.
எழுபத்து நான்காவது திருத்தம்.
ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தல்.
அந்தப் பக்கத்தையும் நான்தான் நகலெடுத்தேன்.
'முடிவதற்குள்' என்பதற்கு அடியில்
அவர் இழுத்திருந்த கோடு
காப்பியில் இன்னும் கறுப்பாய் விழுந்தது.

சில தேசங்களில்
சட்டத்தை மாற்றும் முன் ஜனங்களைக் கேட்பார்களாம்,
வேண்டுமா வேண்டாமா என்று.
"நம்மை யார் கேட்கப் போறாங்க,
நாமே கேட்டுக்குவோம்" என்றாள்
கார்மெண்ட்ஸில் காலர் தைக்கும் ஹேமாவதி.
அவளுக்கு ஞாயிறுதான் லீவு.
ஆகவே ஞாயிறு.

கேள்வியை எந்த மொழியில் எழுதுவது?
பதினொரு மணி வரை அதற்கே சண்டை.
கடைசியில் தில்ஷாத் பேனாவைப் பிடுங்கி
ஒரு குழாய் வரைந்தார், சொட்டோடு.
பக்கத்தில் இன்னொன்று, சொட்டில்லாமல்.
தேர்தல் வேண்டுமென்றால் சொட்டு.
குழாய் தும்பிக்கை மாதிரி இருந்தது.
பரவாயில்லை, புரிந்தது.

வீணான பிரதிகளின் பின்பக்கம்தான் சீட்டு.
ஒருவரின் சாதிச் சான்றிதழ்,
ஒருவரின் ரத்தப் பரிசோதனை,
முகம் கறுத்துப்போன ஆதார்.
அடுத்தவர் ரகசியங்களின் முதுகில்
எங்கள் ரகசிய வாக்கு.
விரலுக்கு மை இல்லை.
டோனர் தூளை எண்ணெயில் குழைத்தேன்.
மூன்று நாள் போகவில்லை.
வெள்ளைச் சட்டையில் பட்டுவிடுமென்று
ஹேமாவதியின் சூப்பர்வைசர் கத்தினானாம்.

நூற்று எண்பத்தாறு சொட்டுகள்.
வறண்டவை பதினொன்று
(அதில் ஒன்று என்னுடையது).
ஒரு சீட்டில் மட்டும்
இரண்டு குழாயையும் அடித்துவிட்டு
எழுத்துக்கூட்டி எழுதியிருந்தது:
கக்கூஸ் பக்கம் லைட்டு.
செல்லாது, என்றார் சின்னப்பராஜ்.

திங்கட்கிழமை மனுவோடு போனோம்.
அலுவலகத்துப் பெண் மரியாதையாகத்தான் பேசினார்,
உட்காரச் சொன்னார்,
கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.
எல்லாம் சரி,
கீழே உங்கள் கவுன்சிலர் கையெழுத்து வேண்டுமே என்றார்.
சின்னப்பராஜுக்குச் சிரிப்பு வந்தது,
அது இருமலாகி நிற்கவே இல்லை.
தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார் அந்தப் பெண்.

ராத்திரி கடை மூடும்போது
பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன்.
செல்லாத சீட்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.
மறுபக்கம்
யாருடையதோ பதினொரு மாத வாடகை ஒப்பந்தம்.
ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு
அதைக் கண்ணாடிமேல் வைத்தேன்.
எத்தனை பிரதி
என்று கேட்டது மெஷின்.