பாக்கி

மோட்டார் பிரிவின் கருவி அறைச் சாவி
பதினோரு வருடமாக என்னிடம்.
யார் எதை எடுத்தார், எப்போது தந்தார்,
நீல மையில் ஒரு பேரேடு.
பகாவ் பட்டணத்தில் வேறெங்கும்
இத்தனை பிள்ளைகளின் கையெழுத்து
ஒரே இடத்தில் கிடைக்காது.

போன ஜூனில் அரை நாள் பயிற்சி வைத்தார்கள்.
விரிவுரையாளர், கிராணி, காவலாளி,
கேண்டீன் கமலவேணி, எல்லாரும் ஒரே வரிசையில்.
இரண்டு வருடம் தாமதம் என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
மின்னியல் பிரிவில் ஒரு நாற்காலியை
இன்னும் யாரும் இழுத்து உட்காருவதில்லை.

புவான் நோரைனி மலாயில் சொன்னார்:
கேளுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்.
கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.
எழுதிக்கொண்டேன்.
மலாயில் எழுதியது மலாயிலேயே கிடந்தது.

தமிழில் அதை எப்படிக் கேட்பது?
நம் வாயில் சாவுக்குக் குறைச்சலா?
வெயில் கொல்லுது என்போம்,
பசியில் சாகிறேன் என்போம்,
பெற்ற பிள்ளையைச்
செத்துத் தொலை என்று வைதுவிட்டு
அடுத்த மூச்சில் சாப்பிட்டியா என்போம்.
இத்தனை புழங்கிய சொல்
மெய்யாய்க் கேட்க வேண்டிய இடத்தில்
தொண்டையைத் தாண்டவில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால்
மோட்டார் சைக்கிளில் ஊர்ந்துகொண்டே
ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
கண்ணாடியில் என் மூச்சுதான் படிந்தது.

பிறகு ஒரு வியாழன், யுகேந்திரன் வந்தான்.
ஆறு மாதமாகத் தராததையெல்லாம் கொண்டுவந்தான்.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர், ஃபீலர் கேஜ்,
தொலைந்ததென்று நான் எழுதியே விட்ட பிளையர்கூட.
துடைத்து, எண்ணெய் பூசி, வரிசையாய் வைத்தான்.
பகுதிநேரச் சம்பளத்தில் வாங்கிய
சொந்த சாக்கெட் பெட்டியை
முந்தின நாளே தர்வினுக்குக் கொடுத்துவிட்டானாம்.
"பையன் திருந்திட்டான்" என்றார் விரிவுரையாளர்.
"இனி பாக்கி ஒண்ணும் இல்ல மிஸ்" என்றான் அவன்.
கணக்கு நேரானதைப் பார்த்து
வயிறு கலங்கியது எனக்கு அன்றுதான்.

கதவைப் பாதி சாத்தினேன். பேனாவை மூடினேன்.
"யுகா, செத்துப் போயிடலாம்னு நினைக்கிறியா?"

வெளியே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.
யாரோ அதை நிறுத்தினார்கள்.
ஃபீலர் கேஜின் தகடுகளை
ஒவ்வொன்றாய் விரித்தான், மடக்கினான்.
"ம்."

அந்த ஒற்றை எழுத்துக்கு என்னிடம் பதில் இல்லை.
அம்மாவை நினைச்சுப் பாரு என்று
நாக்கு நுனிவரை வந்தது; விழுங்கினேன்.
நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன்.
கடன் என்றான், தூக்கம் என்றான்,
ஒன்றுமில்லை என்றான், மறுபடி தூக்கம் என்றான்.
பாதி புரிந்தது. மீதியையும் கேட்டேன்.
"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்."
"அதை மட்டும் கேட்காதே. சொல்வேன்.
உன் கூடவே வந்து சொல்வேன்."

நோரைனியின் அறை திடலுக்கு அந்தப் பக்கம்.
மழை பிடித்துக்கொண்டது.
என்னிடம் ஒரு குடைதான்.
அவன் என்னைவிட உயரம்; அவனே பிடித்தான்.
உள்ளே நோரைனி போன் செய்தார்,
மருத்துவமனைக்கு, பிறகு அவன் அக்காவுக்கு.
அக்கா வரும்வரை வெளி பெஞ்சில் இருந்தேன்.
கருவி அறையைப் பூட்டாமல் வந்தது
ஆறரை மணிக்குத்தான் நினைவு வந்தது.

நன்றாகிவிட்டான் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.
செவ்வாய்தோறும் கிளினிக் போகிறான்.
வகுப்புக்குச் சில நாள் வருவதில்லை;
வராத நாளில் எங்களில் யாராவது அழைக்கிறோம்.
கமலவேணி அவன் முட்டையைச்
சோற்றுக்குள் ஒளித்து வைக்கிறாள்,
காசு கேட்பதில்லை, காரணமும் சொல்வதில்லை.

நேற்று பேரேட்டைப் புரட்டினேன்.
யுகேந்திரன். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர்.
எடுத்து ஒன்பது நாள். தரவில்லை.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்,
மூடினேன்.
இருக்கட்டும்.