அரைச் சுற்று

முதல் தடவை ஏழு தசம் நாலு.
டினுஜன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெடியன்
தாளைக் கிழித்து நீட்டினான்,
சோதனையில் கோட்டைவிட்ட பிள்ளையின் தாயிடம்
நீட்டுவதுபோல, முகம் பாராமல்.
"பாதிக்கும் கீழே வரவேணும் அக்கா."

ஏ போட்டி என்று பெயர் வைத்திருக்கிறாய்,
போட்டியென்று வந்தால் இப்படியா?
கரடிப்போக்குச் சந்திவரை
திட்டித் திட்டியே ஓட்டிவந்தேன்.

புத்தகத்தில் இருப்பது ஒஸ்ரின்.
பொனற்றைத் திறந்தால்
என்ஜின் லான்சர், கியர்பெட்டி டட்சன்,
காபரேற்றர் பரந்தனில் இரும்புக்கு நிறுத்த குவியலில் கிடந்தது,
றேடியேற்றர் எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ.
ஸ்ரீ இலக்கத் தகடும் சைலென்சரும் மட்டும்
பிறந்த நாள்முதல் அதனுடையவை.

தயாகுலன் ஜெய்ப்பூர்க் காலைக் கழற்றிச்
சுவரில் சாத்திவிட்டுத்தான் காருக்குக் கீழே போவார்.
"பாட்ஸ் மாத்தினதை அவங்கள் பாக்க மாட்டாங்கள்" என்று
கீழிருந்து குரல் வந்தது.
"என்ரை அடையாள அட்டையிலும்
கழுத்துவரைக்கும்தானே படம்."
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
பதினாலாம் நம்பர்ச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

பிளக் நாலும் புதிது.
எயார் பில்ரரைத் தட்டியபோது
விசுவமடு றோட்டுச் செம்மண் பாதி கொட்டியது.
பிறகு சைலென்சரைக் கழற்றி
வேப்பங்குற்றியில் தட்டினோம்.

இரண்டு பால்மாப் பேணி நிறையக் கரி.
முதலில் வந்தது தூள். ஊதினால் பறந்தது.
அடியிலிருந்து வந்தது பொருக்கு,
பிசின்போல விரலில் ஒட்டியது,
இன்னும் மணத்தது
மண்ணெண்ணெய்.

சேலைன் போத்தலால் நாலு துளி பெற்றோல் காட்டி
என்ஜினை ஏமாற்றி எழுப்பி
மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு ஓடின நாட்கள்.
அந்தப் புகைக்கு யாரும் தாள் கேட்கவில்லை.
பின்சீற்றில் கிடத்தியவர்கள்
புதுக்குடியிருப்புவரை இருமினார்கள்.
இருமல் கேட்கும்வரை எனக்கு நிம்மதி.

தயாகுலன் ஒன்றும் கேட்கவில்லை.
இதை எங்கே கொட்ட என்று மட்டும் கேட்டார்.
நான் சொல்வதற்குள் கோழியொன்று
கரிக்குள் இறங்கி நடந்து
சீமெந்துத் தரை முழுக்க
எதையோ எழுதிவிட்டுப் போய்விட்டது.

கடைசியாகக் கலவை ஆணி.
அரைச் சுற்று உள்ளே.
"இனி இது காற்றைத்தான் குடிக்கும்.
சூட்டோடை கொண்டு போ. இடையிலை நிப்பாட்டாதை."

முறிகண்டிவரை போய்
நிற்காமல் திருப்பினேன்.
அந்தப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போகிற வாகனம்
இந்த றோட்டில் இல்லை.
கோவிக்காதை ஐயா, நின்றால் ஆறிவிடும்,
தேங்காய் பிறகு.
கச்சான் விற்கிற பெண் கையை நீட்டியபடியே
கண்ணாடிக்குள் சிறுத்துப்போனாள்.

டினுஜன் குழாயை வாலில் செருகினான்.
கணினி யோசித்தது.
என் மூச்சையும் சேர்த்து எண்ணிவிடுமோ என்று
நானும் மூச்சு விடவில்லை.
இரண்டு தசம் ஒன்பது.
இம்முறை முகம் பார்த்தான்.
"என்ன அக்கா செய்தனீங்கள்?"
"துப்புரவாக்கினோம்."

பரந்தன் தாண்டி முதல் மேட்டிலேயே
கார் நொண்டியது.
வெறும் வண்டிக்கே இந்தப் பாடு.
நாளைக்கு விடிய நாலு ரீச்சர்மார்,
அவர்களின் கொப்பிக்கட்டு,
உடையார்கட்டில் ஏழரைக்கு மணி.

ஓரமாக நிறுத்தி
சான்றிதழைச் சீற்றுக்கடியில் மடித்துவைத்து
திருப்புளியை எடுத்தேன்.
அரைச் சுற்று வெளியே.

கறுப்பாக ஒருமுறை இருமியது.
சட்டென்று பின்சீற்றைத் திரும்பிப் பார்த்தேன்.

பழக்கம்.