ஆளில்லாதது

படிவத்தின் நான்காம் கட்டம் கேட்டது:
கலத்தில் இருப்போர் எண்ணிக்கை.
இல்லை என்று எழுதினேன்.
ஐந்தாம் கட்டம்:
தரையிறங்கும் பரப்பில் வசிப்போர்.
அதற்கும் இல்லை என்று
முன்னமே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

லினெட் என் பேனாவை வாங்கி
அந்த அச்செழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு
டீ ஊற்றிக்கொள்ளப் போனாள்.
கொக்காதா இனத்தவள். இந்தச் சமவெளியில்
எது கிடக்கிற கல், எது வைத்த கல் என்று
அவளுக்குத் தெரியும்.
அவள் கை காட்டாத இடத்தில்
ஹெலிகாப்டர் இறங்காது.

வூமெரா. மார்ச் மாதம். விடிய இன்னும் அரை மணி.
என் வேலை மோப்பம் பிடிப்பது.
நிலவைச் சுற்றிவிட்டு வருகிற கலத்தை
யாரும் தொடுமுன் நான் நெருங்க வேண்டும்,
வெள்ளை உடுப்பில், கையில் ஒரு கருவியோடு.
எரிபொருள் கசிந்தால் மீன் நாற்றம் அடிக்குமாம்.
அந்த நாற்றம் எட்டிய பிறகு
மூக்கு இருந்தும் பயனில்லை என்பார்கள் பயிற்சியில்.

மேலே அது
காற்றின் முதல் தோலைத் தொட்டிருக்கும்.
கொஞ்சம் செங்குத்தாக வந்தால் சாம்பல்.
கொஞ்சம் படுக்கையாக வந்தால்
குளத்தில் விட்டெறிந்த ஓட்டுச்சில்லு மாதிரி
தத்திக்கொண்டே போய்விடும்.
இரண்டுக்கும் நடுவில்
நுழைய ஒரு கதவிடுக்கு.
அதைத் தேடித்தான்
நாலு லட்சம் கிலோமீட்டர்.

பிறகு ரேடியோ செத்தது.
எதிர்பார்த்ததுதான்.
தன் தீக்குள் தானே செவிடாகி வரும்,
ஐந்து நிமிடம் நாற்பது நொடி என்று
எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.
ஆனாலும் டேரல்
சாண்ட்விச்சை வாயருகே கொண்டுபோன கையை
அப்படியே வைத்திருந்தான்.

ஆளில்லாத கலம்தானே
என்று சொல்லிக்கொண்டேன்.
உள்ளே இரண்டாம் இருக்கையில்
எடைக்காகக் கட்டிய மணல் மூட்டை,
எழுபத்தெட்டு கிலோ, போர்ட் அகஸ்டா மணல்.
யாரோ மார்க்கரால் அதன் மேல்
கெவின் என்று எழுதிவிட்டார்கள்.

ஆறாவது நிமிடமும் கழிந்தது.
கெவின், வாடா, என்றேன்.
தமிழில்.
ஹெட்செட் திறந்திருந்தது தெரியாமல்.

முதலில் ஒரு கரகரப்பு.
எண்கள். உயரம். வேகம்.
அப்புறம் அடுத்தடுத்து இரண்டு இடி,
தகரக் கொட்டகை அதிர்ந்தது.
மேற்கே நிலவு,
பௌர்ணமி கழிந்து மூன்று நாள்,
தன் பாட்டுக்கு.
கிழக்கே மூன்று குடைகளின் கீழ்
கருகிய குண்டான் ஒன்று
அவசரமே இல்லாமல்.

லினெட் முன்னால் நடந்தாள்.
ஓரிடத்தில் நின்று கையை நீட்டி
இடப்பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னாள்.
ஏன் என்று சொல்லவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
இருநூறு மீட்டரில் அவள் நின்றுகொண்டாள்.

அதற்கப்பால் நானும் என் மூச்சுச் சத்தமும்.
இப்போதுதான் அணைத்த ஸ்கூட்டர் எஞ்சின் போல
டக், டக் என்று ஆறிக்கொண்டிருந்தது கலம்.
வெப்பக் கவசம் விளிம்பில் பொருக்குப் பொருக்காக.
கருவியை நீட்டினேன். பூஜ்யம்.
சுற்றி வந்தேன். பூஜ்யம்.
வால்வுக்கு அடியில் குனிந்து,
எண் மாறுகிறதா என்று பத்து வரை எண்ணி,
பூஜ்யம்.

ஜன்னலில் புகை ஏறியிருந்தது.
கையுறையால் துடைத்தேன். துடைக்கக் கூடாது.
உள்ளே, வார்களின் இறுக்கத்தில்,
மேல்முனை மட்டும் ஒருபக்கம் சரிந்து
கடைசி பஸ்ஸில் தூங்கிவிட்டவனைப் போல
இருந்தான்.

வெயில் ஏறிவிட்டது.
கண்ணுக்கெட்டியவரை முழங்கால் உயரப் புதர்.
நிழல் என்று சொல்ல
அந்தக் கலத்தின் நிழல்தான்.
அதற்குள் ஈக்கள் வந்துவிட்டன.
ஒரு பல்லி வந்தது, என் பூட்ஸைப் பார்த்தது,
என்னைத் தாண்டி உள்ளே போனது,
யார் வீட்டுக்கு யார் வந்தது என்பது போல.

ஹெட்செட்டில் டேரல் கேட்டான்:
அந்த 'வாடா',
அது எந்தப் பட்டியலில் உள்ள கட்டளை?

பூஜ்யம், என்றேன்.
எல்லாப் பக்கமும் பூஜ்யம்.
வரலாம்.